மலைப் பாதையில் முதல் நடை: குடும்பத்தோடு புறப்படுவோருக்குச் சில குறிப்புகள்



பாடசாலை விடுமுறை வந்தால் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போகாத குடும்பம் நம்மிடையே குறைவு. பெரிய சட்டியில் புரியாணி, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம், எல்லாம் வேனில் ஏறும். வழி நெடுகப் பச்சை மலைகள் கண்ணாடிக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். ஏரிக்கரையில் ஒரு புகைப்படம், கடைத்தெருவில் கொஞ்சம் மரக்கறி, பிறகு இரவோடிரவாக வீடு. அல்லாஹ் படைத்த அந்த மலைகளை நாம் பார்த்தோம். ஆனால் அவற்றின் மீது நடந்தோமா?

இப்போது அந்த மலைகளினூடே நடப்பதற்கென்றே ஒரு நெடும்பாதை அடையாளமிடப்பட்டுள்ளது. ‘பெக்கோ ட்ரெயில்’ என்பது அதன் பெயர். பெக்கோ என்பது தேயிலைத் தரங்களில் ஒன்று. கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையில் தொடங்கும் இப்பாதை கலஹா, லூல்கந்துரை, தவலந்தென்ன, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று தோட்டம் தோட்டமாகச் சென்று, ஹப்புத்தளை, எல்ல பக்கங்களையும் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 300 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், 22 கட்டங்கள். பெரும்பாலும் தேயிலை ஏற்றி இறக்குவதற்காக அந்தக் காலத்தில் வெட்டப்பட்ட வண்டிப் பாதைகளும் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளுமே இவை. 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இவ்வழியிலேயே இருக்கிறது.

வெளிநாட்டவர் இப்பாதையில் முதுகில் பை சுமந்து நடக்கிறார்கள். நமது இளைஞர்களும் நடக்கத் தொடங்கியுள்ளனர். “எங்களுக்கும் ஆசைதான். ஆனால் உடை, தொழுகை, கழிவறை, கால் வலி, இதையெல்லாம் நினைத்தால் பயமாக இருக்கிறதே!” என்று தாய்மார் சொல்லக் கேட்கிறோம். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

நடப்பது நமக்குப் புதிதா?

ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் நாம் ஏழு முறை நடக்கிறோம். அது யாருடைய நடை? தாகித்து அழுத பாலகனுக்காகத் தண்ணீர் தேடி ஓடிய ஒரு தாயின் நடை. ஹாஜரா அம்மையாரின் அந்த அடிச்சுவட்டை ஆண்களும் பெண்களுமாக உலகமே பின்பற்றுகிறது.

நமது நாட்டு மலைகளையும் முஸ்லிம் பயணிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்து கண்டுள்ளனர். மொரோக்கோ நாட்டின் இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். புத்தளத்திலிருந்து புறப்பட்டு, பாவா ஆதம் மலை உச்சிவரை சென்றார். அந்த மலைக்கு ‘பாபா பாதை’, ‘மாமா பாதை’ என இரு வழிகள் இருந்ததாகவும், முன்னையது ஆதம் (அலை) அவர்களையும் பின்னையது ஹவ்வா அம்மையாரையும் குறிப்பதாகவும், மாமா பாதை இலகுவானது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். வழியில் மனிதர் மீது பாயும் அட்டைகளைப் பற்றியும், அவற்றை விழுத்துவதற்கு ஊரார் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததைப் பற்றியும்கூட அவர் குறிப்பிடுகிறார். அட்டைக்குப் பயந்து அவர் திரும்பிவிடவில்லை. நாமும் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஹஜ்ஜுக்காக வருடக்கணக்கில் பணம் சேமிக்கிறோம், காலைச் சேமிப்பதில்லை. ஸஃயு மட்டுமே 3 கிலோமீற்றருக்கு மேல். அதற்குமேல் தவாப் இருக்கிறது. மினாவிலும் முஸ்தலிபாவிலும் ஜமராத்திலும் நடை இருக்கிறது. சமையலறைக்கும் வாசலுக்கும் இடையில் மட்டும் நடந்து பழகிய கால்கள் அங்கு போய்த் தடுமாறுகின்றன. சீனி வருத்தமும் முழங்கால் வலியும் வந்த பிறகு வருந்துவதைவிட, இப்போதே நடந்து பழகுவது நல்லதல்லவா? மலைப் பாதை அதற்கு ஒரு நல்ல பாடசாலை.

முதலில் ஒரே ஒரு கட்டம்

22 கட்டங்களையும் ஒரே மூச்சில் நடக்க எண்ணாதீர்கள். சராசரியாக ஒரு கட்டம் 13, 14 கிலோமீற்றர் வரும். முதல் தடவை ஒரு கட்டம். முடியாவிட்டால் அதில் பாதி. அதுவே போதும்.

நேரத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. சமதரையில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அத்துடன் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணித்தியாலம். இது பழகியவர்களின் கணக்கு. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகும் குடும்பம் இதனுடன் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 14 கிலோமீற்றர் நடையும் 600 மீற்றர் ஏற்றமும் என்றால் ஏறத்தாழ 6 மணித்தியாலம் என்று வையுங்கள். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் தனி நேரம் வேண்டும். ஆகவே ஸுப்ஹு தொழுது, காலை ஆகாரம் முடித்து, 7 மணிக்கு முன் புறப்பட்டுவிடுங்கள். நமது நாட்டில் மாலை 6 மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். நண்பகல் 12 மணிக்குள் பாதித் தூரத்தைக் கடக்கவில்லையெனில், மேலே போகாமல் பக்கத்துத் தோட்டத்து வீதிக்கு இறங்கி, பஸ்ஸோ முச்சக்கரவண்டியோ பிடித்துத் திரும்பிவிட வேண்டும். இது தோல்வியல்ல, புத்திசாலித்தனம்.

காலநிலையும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட் பக்கங்களை நனைக்கும். அப்போது ஊவாப் பகுதியில் மழை குறைவு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை ஊவாப் பக்கம் பெய்யும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் சகஜம். எந்த மாதத்தில் போகிறோமோ அதற்கேற்ற கட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

எட்டு வாரப் பயிற்சி

முதல் இரு வாரங்கள் தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள். அடுத்த இரு வாரங்கள் முக்கால் மணித்தியாலம். ஐந்தாம் ஆறாம் வாரங்களில் ஒரு மணித்தியாலம். அதில் படி ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரு வாரங்களில் 3 கிலோ பையை முதுகில் சுமந்து நடவுங்கள். விடுமுறை நாளொன்றில் 8 முதல் 10 கிலோமீற்றர் வரை நடந்து பாருங்கள். அயல்வீட்டுச் சகோதரிகள் நால்வர் சேர்ந்து ஸுப்ஹுக்குப் பின் நடந்தால் சோம்பல் வராது. சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய் உள்ளவர்கள் பயிற்சி தொடங்குமுன் டொக்டரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

கால்

நெடுநடையில் பலரைப் பாதியில் நிறுத்துவது மலையல்ல, குதிகாலில் எழும் ஒரு சிறு கொப்புளம். சூடு, ஈரம், உராய்வு ஆகிய மூன்றும் சேரும்போது அது உண்டாகிறது. புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போகவே கூடாது. பயிற்சி நாட்களில் போட்டு நடந்து பழகியதையே போடுங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் தள்ளப்படும். ஆகவே பெருவிரலுக்கு முன் ஒரு விரலகல இடம் இருக்க வேண்டும். நகங்களை ஓரிரு நாட்களுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். பருத்தி காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்தது அல்லது விளையாட்டு வீரர் அணியும் காலுறை நல்லது. மாற்றுச் சோடி ஒன்று பையில் இருக்கட்டும். நடக்கும்போது காலில் ஓரிடம் சுடுவது போலிருந்தால் ‘பிறகு பார்ப்போம்’ என்று விடாமல், அங்கேயே அமர்ந்து பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். சீனி வருத்தக்காரர் இரவில் இரு பாதங்களையும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். அவர்களுக்குக் காயத்தின் வலி தெரியாமலே போகலாம்.

பை

இப்பாதையின் வழியில் பல இடங்களில் தங்குமிடங்கள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை. ஒருநாள் நடைக்குப் பையின் எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருக்கட்டும். 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஐந்தரைக் கிலோதான் எல்லை. ஒரு தோளில் தொங்கும் கைப்பை உதவாது. இரு தோள்பட்டைகளும் இடுப்பில் கட்டும் வாரும் உள்ள பையே தேவை. வாரை இறுக்கினால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். கனமான பொருள் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும்.

புறப்படுமுன் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒன்று, நிச்சயம் தேவைப்படுபவை: தண்ணீர், உணவு, மழையங்கி, தொழுகை உடை, மருந்து. இரண்டு, ஆபத்துக்கு உதவுபவை: டோர்ச், விசில், பிளாஸ்டர், பண்டேஜ், ஜீவனி, கைபேசிக்கு மேலதிக மின்கலம், பாதையின் வரைபடம். மூன்று, ‘இருந்தால் நல்லது’ என்பவை: இரண்டாவது ஷால், அலங்காரப் பொருட்கள், பெரிய பிஸ்கட் டின். இந்த மூன்றாவது குவியலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நம்மில் பெரும்பாலோர் சுமப்பது தேவையையல்ல, பயத்தைத்தான். உடைகளைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்தால் எவ்வளவு மழை பெய்தாலும் நனையாது.

உடை

தரையைத் தொடும் ஹபாயா தேயிலைக் கிளையில் மாட்டும், ஏற்றத்தில் காலில் தடுக்கும், ஈரத்தில் பாரமாகும். மார்க்கம் ஒரு குறிப்பிட்ட தையலைக் கட்டாயமாக்கவில்லை. உடலை மறைக்க வேண்டும், தளர்வாக இருக்க வேண்டும், உள்ளே தெரியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான கமீஸும், அதற்குள் அகலமான காற்சட்டையும், ஊசி குத்திய பர்தாவும் இந்த நிபந்தனைகளை நிறைவேற்றுகின்றன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். கொழும்பில் வியர்க்கும் அதே நாளில் அங்கு குளிரும். ஆகவே ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். அத்தர், வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். மார்க்கக் காரணம் உங்களுக்குத் தெரியும், இன்னொரு காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

தொழுகை

கொழும்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ வருபவர் முஸாபிர். கண்டியில் வசிப்பவர் ஹந்தானையிலிருந்து கலஹா வரை நடந்து வந்தால், எவ்வளவு களைத்தாலும் அவர் முஸாபிர் ஆகமாட்டார். ஏனெனில் சலுகை களைப்புக்கல்ல, தூரத்துக்கே. ஷாபிஈ மத்ஹபில் அத்தூரம் 80 கிலோமீற்றருக்குச் சற்று மேல் எனப் பலர் கணித்துள்ளனர். முஸாபிராக இருப்பவர் லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம்; லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். மஃரிபிலும் ஸுப்ஹிலும் சுருக்கம் இல்லை.

மலையில் ஓடை நிறைய உண்டு. குளிருகிறது என்பதற்காக மட்டும் தயம்மும் செய்ய முடியாது. ஆனால் போத்தலில் உள்ளது குடிப்பதற்கு மட்டுமே போதுமானதாக இருந்து, அருகில் வேறு தண்ணீரும் இல்லையெனில் தயம்மும் செய்யலாம். கணுக்காலை மூடும் உறுதியான, நீர் புகாத சப்பாத்தைப் பூரண வுழூவுடன் அணிந்திருந்தால், கழற்றாமல் அதன் மேல் மஸ்ஹு செய்யலாம். ஊரிலிருப்பவருக்கு ஒரு பகலும் இரவும், முஸாபிருக்கு மூன்று பகலும் இரவும். மெல்லிய காலுறைக்கு இது பொருந்தாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டால் கால்களைக் கழுவ வேண்டும். அதனோடு தொழுவதாயின் அடிப்பாகத்தில் சாணம் முதலிய நஜீஸ் இல்லையெனப் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்து இரத்தம் வந்தால் ஷாபிஈ மத்ஹபில் வுழூ முறியாது. ஆடையில் பட்ட சிறிதளவும் மன்னிக்கப்படும். கிப்லா நமது நாட்டில் நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது.

தண்ணீரும் உணவும்

ஒரு மணித்தியால நடைக்கு அரை லீற்றர் என்பது பொதுக் கணக்கு. ஒன்றரை லீற்றரோடு புறப்பட்டு, கடைகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் மேலே தோட்டத்து உரமும் மருந்தும் கலந்திருக்கக்கூடும், குடிக்க வேண்டாம். பேரீத்தம்பழம், வறுத்த கடலை, அவித்த முட்டை, ரொட்டியும் சம்பலும் கெடாமல் இருக்கும், பாரமும் குறைவு. ஹட்டன், ஹப்புத்தளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் உண்டு. தோட்டத்துக்குள் ஹலால் உணவை எதிர்பார்க்காமல் மதிய உணவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கழிவறையைப் பொறுத்தவரை, புறப்படும் இடத்திலும் கடைகளிலும் வாய்ப்புக் கிடைக்கும்போதே போய்விடுங்கள். அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் நடப்பது பெண்கள் பலர் செய்யும் தவறு. தலைச்சுற்றும் சிறுநீர்க் கடுப்பும் அதனால் வரும்.

வேறு வழியின்றி வெளியில் போக நேர்ந்தால் நீரோடைக்கு வெகு தூரம் விலகிச் செல்லுங்கள். கீழே லயன் வீடுகளில் அந்தத் தண்ணீரையே குடிக்கிறார்கள். பாதையிலும், மக்கள் இளைப்பாறும் நிழலிலும், தண்ணீர்த் துறையிலும் மலசலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பாவித்த துணி, பம்பர்ஸ் முதலியவற்றைச் சுற்றிப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ஆபத்துகள்

அட்டை: காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் சொருகி, காலுறையில் காய்ந்த சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் பிடித்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. ஆகையால் சற்று நேரம் வடியும். கழுவி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

குளவி: தோட்டத் தொழிலாளரை அடிக்கடி தாக்கும் உண்மையான ஆபத்து இதுவே. வாசனைத் திரவியம் வேண்டாம் என்றதற்கு இரண்டாவது காரணம் இதுதான். கூடு தெரிந்தால் கல்லெறியவும் சத்தமிடவும் பிள்ளைகளை விடாதீர்கள். கலைந்து வந்தால் கைகளை வீசாமல், முகத்தை ஷாலால் மூடிக்கொண்டு விரைவாக அப்பால் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம்.

மண்சரிவு: 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வந்த பெருமழையும் மலைநாட்டில் பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கியது. ஆகவே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை உள்ள இடத்துக்குப் போகவே வேண்டாம். நீங்கள் நடக்கவிருக்கும் கட்டம் திறந்திருக்கிறதா, அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதை முன்கூட்டியே தங்குமிடத்தாரிடம் விசாரியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119.

கணவர், தந்தை, சகோதரர், மகன் என மஹ்ரமான ஒருவர் உடனிருக்கட்டும். மூவராகப் பயணம் செய்தாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்வது ஸுன்னா. மலையில் அதன் பயன் தெளிவாக விளங்கும்: திரும்புவதா தொடர்வதா என்பதில் ஒருவரின் சொல்லே முடிவாக இருக்கும். மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்; ஆற்றலுள்ளவர் கடைசியில் வரட்டும். அப்போது எவரும் பின்தங்கிப் போகமாட்டார். எந்த வழியில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

பாதையின் சொந்தக்காரர்கள்

நீங்கள் உல்லாசமாக நடக்கும் அதே பாதையில் ஒரு தாய் கொழுந்துக் கூடை சுமந்து கூலிக்காக நடந்துகொண்டிருப்பாள். அவளுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கும் அப்பாலும் நடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்த வழியில் மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைபவனி வந்தார்கள். அதை மனதில் வைத்து நடவுங்கள். அனுமதி கேளாமல் அவர்களைப் படமெடுக்காதீர்கள். லயன் முற்றத்தை எட்டிப் பார்க்காதீர்கள். கொழுந்தைக் கிள்ளாதீர்கள். நிரைக்குள் இறங்காதீர்கள். தோட்டத்துக் கடையில் தேநீர் வாங்கிக் குடியுங்கள். உங்கள் பயணத்தால் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கட்டும். பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, நாமே பொலித்தீனை வீசிவிட்டு வரலாமா?

சகோதரிகளே! இந்த வாரமே ஸுப்ஹுக்குப் பிறகு அரை மணித்தியாலம் நடக்கத் தொடங்குங்கள். இரண்டு மாதங்களில் மலையேறலாம். அதில் கற்றுக்கொள்ளும் பாடங்கள் சிறியவையல்ல: பாரத்தைக் குறைத்தல், காலைப் பேணுதல், அமீருக்குக் கட்டுப்படுதல், மெதுவாக வருபவருக்காகக் காத்திருத்தல். இவை நாளை மினாவிலும் அரபாவிலும் உங்களுக்குத் தேவைப்படுபவையே. அல்லாஹ் நம் அனைவருக்கும் சுகமான கால்களையும், அவன் இல்லத்தை நோக்கி அவற்றால் நடக்கும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.